தட்டில் தூவிய மாவு

இந்தக் கேஸில் குற்றவாளிக்குப் பஞ்சமே இல்லை. மற்ற கேஸ்களில் ஒரு வாக்குமூலம் வாங்குவதற்குள் நாக்குத் தள்ளிவிடும். இதிலோ காலை ஒன்பது மணிக்கே முதல் வாக்குமூலம் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டது. அதுவும் கேஸ் கொடுக்க வந்தவரின் வாயிலிருந்தே.

"நானாத்தான் சார் இருக்கணும்," என்றார் அந்த அம்மா. "அவளுக்குச் சாப்பாடு போடுறது நான் ஒருத்திதான். வேற யார் மேல பழி போடுறது?"

அவர் கண்ணாடிக்கடையில் கண் பரிசோதனை செய்பவர். நாள் முழுக்கப் பொடி எழுத்துகளோடு புழங்குகிறவர். ஒரே பெண், ஒன்பது வயது. இரண்டு வருஷத்துக்கு முன்னால் அந்தக் குழந்தைக்கு சீலியாக் என்று டாக்டர் சொல்லிவிட்டார். கோதுமையில் க்ளூட்டன் என்று ஒரு புரதம் இருக்கிறது; அது அவள் குடலுக்கு ஆகவே ஆகாது, ஒரு சிட்டிகை போனாலும் புண்ணாக்கிவிடும். அதற்கு மருந்து கிடையாது. கோதுமையை வீட்டுக்குள் விடாமல் இருப்பதுதான் மருந்து. அம்மாவும் விடவில்லை, பெண்ணும் தேறி, கன்னம் உப்பி, நன்றாகத்தான் இருந்தாள். நான்கு மாதமாகத்தான் பழைய கதை திரும்பியது: வயிற்றுவலி, வயிற்றுப்போக்கு, எடை இறக்கம். இப்போது பதினோரு நாளாக ஆஸ்பத்திரியில் கிடக்கிறாள். ரத்தப் பரிசோதனை ஒளிவு மறைவு இல்லாமல் சொல்லிவிட்டது, இந்தக் குழந்தை எங்கிருந்தோ கோதுமை சாப்பிட்டுக்கொண்டிருக்கிறது என்று.

குழந்தையின் அத்தை, அதாவது இவருடைய நாத்தனார், பெற்றவளுக்கு அக்கறை இருந்தால் இப்படி ஆகுமா என்று ஒரே ஒரு தடவை கேட்டாராம். கணவர் அதற்கு ஆமாம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. அன்றிலிருந்து இந்த அம்மா மகளின் தட்டைத் தொடவில்லை. யாரும் தடுக்கவில்லை, அவருக்கே தன் கைமேல் நம்பிக்கை போய்விட்டது. அத்தை ஊட்டுகிறார், நர்ஸ் ஊட்டுகிறார், பெற்றவர் கட்டிலின் காலடியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருக்கிறார்.

"படிக்காம ஒரு பொருள் என் வீட்டு வாசல் தாண்டினதில்ல சார். லென்ஸ் வெச்சுப் படிப்பேன்," என்றார். "நானா, இல்லையா? அதை மட்டும் கண்டுபிடிச்சுச் சொல்லுங்க. நானா இருந்தாலும் மறைக்காம சொல்லிடுங்க."

எதிரே உட்கார்ந்திருந்தவருக்குத் தெருவில் வைத்த பெயர் துப்பு சார். தனியார் துப்பறிவாளர், ஐம்பத்திரண்டு வயது. கேஸ் முடிந்தால் துப்பு சார், முடியாவிட்டால் துப்புக் கெட்ட சார், இது அவருடைய உதவியாளரின் கணக்கு. அந்த உதவியாளர் மருந்துக் கம்பெனி விற்பனைப் பிரதிநிதியாக ஒன்பது வருஷம் பையைத் தூக்கிக்கொண்டு ஊர் ஊராக அலைந்தவள். அந்த வேலையை விட்டாலும் அதன் பெயர் அவளை விடவில்லை. எல்லோருக்கும் அவள் ரெப். டாக்டர்களைச் சிரிக்க வைத்தே சம்பாதித்த வாய், சும்மா இருக்கச் சொன்னால் கேட்காது.

அந்த அம்மா ஒரு நோட்டும் ஒரு பையும் விட்டுப் போனார். நோட்டில் நான்கு மாதமாகக் குழந்தை சாப்பிட்டது முழுவதும், தினசரி எடையோடு. பையில் அத்தனை பாக்கெட்டுகளின் காலி உறைகள். ரெப் உறைகளைத் தரையில் பரப்பினாள். இவ்வளவு ஒழுங்கான குற்றவாளியை நம்முடைய சர்வீஸிலேயே பார்த்ததில்லை என்றாள்.

துப்பு சார் உறைகளைப் பார்க்கவில்லை. எடையை மட்டும் விரலால் தடவிக்கொண்டே வந்தார். இறங்கு, இறங்கு, இறங்கு என்று வந்த எண்கள் இரண்டாவது மாத நடுவில் திடீரென்று ஏறியிருந்தன. ஒன்பது நாளில் அரைக் கிலோ. பிறகு மறுபடி இறக்கம்.

"இந்த ஒன்பது நாள்ல என்ன புதுசா சாப்பிட்டா?" என்று கேட்டார்.

ரெப் நோட்டைப் புரட்டினாள். "புதுசா ஒண்ணுமில்ல சார். பழசுல ஒண்ணு குறையுது. பிஸ்கட்." பக்க ஓரத்தில் அந்த அம்மாவின் கையெழுத்தில் ஒரு குறிப்பு இருந்தது: பேக்கரியில் வெள்ளையடிப்பு, பத்து நாள் கடை இல்லை.

பையிலிருந்து அந்த பிஸ்கட்டின் உறையைத் தேடி எடுத்தாள். அரிசி மாவு, சோள மாவு, வெண்ணெய், சர்க்கரை. மேலே கொட்டை எழுத்தில் 'க்ளூட்டன் இல்லை'. உலகத்தில் எல்லாவற்றையும் சந்தேகப்பட்ட அந்த அம்மா இதை மட்டும் சந்தேகப்படவில்லை, ஏனென்றால் இது ஒன்றுதான் வாயைத் திறந்து சத்தியம் செய்திருந்தது.

பேக்கரிக்காரர் ஆஜானுபாகு. ஆனால் குரல் மெல்லியது. விஷயத்தைச் சொன்னதும் அவர் சண்டைக்கு வரவில்லை. வாங்க, நீங்களே பாருங்க என்று உள்ளே கூட்டிப்போனார். க்ளூட்டன் இல்லாத பிஸ்கட்டுக்கென்று தனி அறை, தனி மிக்ஸர், தனி அடுப்பு. மாவு அள்ளும் கரண்டிக்குக்கூட சிவப்புச் சாயம் அடித்து வைத்திருந்தார். அந்த அறைக்குள் போகச் செருப்பும் வேறு. துப்பு சார் மூலை முடுக்கெல்லாம் மூக்கை நுழைத்துப் பார்த்துவிட்டு வெறுங்கையோடு நின்றார்.

ரெப் வெறுங்கையோடு நிற்கவில்லை. அவள் மூன்றாவது பிஸ்கட்டில் இருந்தாள். ஒவ்வொரு பிஸ்கட்டின் முகத்திலும் பல்குச்சியால் இரண்டு கண்ணும் ஒரு சிரிப்பும் கீறியிருந்தார் பேக்கரிக்காரர். சந்தேக நபர் ரொம்ப ருசியாக இருக்கிறார், கைது செய்ய மனசு வரவில்லை என்று சொல்லிக்கொண்டே அவள் தன் கறுப்பு பேண்ட்டில் விரல்களைத் துடைத்தாள்.

துப்பு சாரின் பார்வை அந்த பேண்ட்டில் நின்றது. கட்டைவிரல் துடைத்த இடத்தில் ஒன்றுமில்லை. ஆள்காட்டி விரல் துடைத்த இடத்தில் வெள்ளையாக ஒரு கோடு.

"பிஸ்கட்டை எப்படிப் பிடிச்சே?"

"எல்லாரும் பிடிக்கிற மாதிரிதான். கட்டைவிரல் மேல, மத்த விரல் கீழ. இதுக்குக்கூட லைசென்ஸ் வேணுமா சார்?"

அவர் ஒரு பிஸ்கட்டை எடுத்தார். மேலே சிரிப்பு. திருப்பினார். அடியில் பவுடர் பூசின மாதிரி வெள்ளை.

"தட்டுல ஒட்டாம இருக்க என்ன போடுவீங்க?"

"தூவுற மாவுதான் சார். எல்லாரும் போடுறதுதான்," என்றார் பேக்கரிக்காரர்.

"என்ன மாவு?"

பேக்கரிக்காரர் பதில் சொல்ல வாயைத் திறந்தார். அவர் தலை மெதுவாக அறையின் வெளிப்பக்கம் திரும்பியது. கதவை ஒட்டி, தட்டுகள் அடுக்கியிருந்த இடத்தில், மூடியில்லாத ஒரு பழைய தகர டப்பா இருந்தது. அதில் மைதா. மைதா என்பது சலித்து வெளுத்த கோதுமைதான் என்பது அவருக்குத் தெரியாதா என்ன.

"அது சேர்மானத்துல வராதே சார்," என்றார். குரல் எங்கோ போய்விட்டது. "அது தட்டுக்குப் போடுறது. பிஸ்கட்டுக்கு இல்ல."

இதை ஒரு பேக்கரிக்காரரால்தான் செய்ய முடியும். வேறு யாராக இருந்தாலும் தட்டைத் துடைத்துவிட்டு நெய் தடவியிருப்பார்கள். முப்பது வருஷமாகத் தட்டைக் கண்டால் அந்தக் கை தானாக டப்பாவுக்குப் போகும், ஒரு பிடி அள்ளும், ஒரு வீசு வீசும். மனசைக் கேட்காது. சேர்மானம் எழுதும்போது எந்த பேக்கரிக்காரரும் அந்த ஒரு பிடியைக் கணக்கில் எழுதுவதில்லை. தனி அறை, தனி கரண்டி, தனி செருப்பு என்று அத்தனையும் செய்தவர் தன் கையை மட்டும் வெளியில் விட்டுவிட்டு வரவில்லை.

அவர் மாவு மூட்டைமேல் உட்கார்ந்துவிட்டார். இரண்டாவது வாக்குமூலம் அங்கே வந்தது. கடையில் பிறந்தநாள் கேக்குகளைக் கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொண்டு நின்ற அந்தப் பாப்பாவுக்காகத்தான் இதை ஆரம்பித்தாராம். அவளுடைய அம்மாதான் வந்து கேட்டாராம். வாரம் ஒரு தடவை போடுவது, மொத்தமே மூன்று வீடுகள்தான் வாங்குகின்றன. சிரிப்பு கீறச் சொன்னது பாப்பா. நான்தான் சார் கொடுத்தேன், என் கையாலே கொடுத்தேன் என்று திரும்பத் திரும்பச் சொன்னார்.

பிறகு எழுந்துபோய், கடவுள் படத்துக்கு வைக்கிற மரியாதையோடு ஆணியில் மாட்டியிருந்த மூன்று கடிதங்களை எடுத்து வந்தார். லேபிளில் இப்படி எழுதுவதற்கு முன்னால் அவர் உணவுத் தர அலுவலகத்துக்கு எழுதிக் கேட்டிருக்கிறார்: க்ளூட்டன் இல்லை என்று போட நான் என்னென்ன செய்ய வேண்டும்? ஒரு தடவை அல்ல, மூன்று தடவை. மூன்று பதில்களும் ஒரே அச்சு. 'இதற்கான விதி பரிசீலனையில் உள்ளது. இறுதி செய்யப்பட்டதும் தெரிவிக்கப்படும்.' அதுவரைக்கும் என்ன செய்ய என்று ஃபோனில் கேட்டதற்கு, உங்கள் மனசாட்சிப்படி செய்யுங்கள் என்றாராம் ஒருவர்.

"செஞ்சேன் சார்," என்றார் பேக்கரிக்காரர். "எனக்குத் தெரிஞ்ச மனசாட்சி அவ்வளவுதான்."

அவர் ஷட்டரை இறக்கி அறிவிப்பு ஒட்டவும், மீதி இரண்டு வீடுகளுக்கும் ஃபோன் செய்யவும் போனபிறகு, துப்பு சார் கடிதங்களையே பார்த்துக்கொண்டு நின்றார். தட்டில் தூவுகிற மாவும் சேர்மானம்தான். இதை யாரோ ஒருமுறை தன்னிடம் சொல்லியிருக்கிறார்கள். பெண் குரல். எங்கே, எப்போது என்றுதான் பிடிபடவில்லை. கடிதத்தின் மூலையில் 'பிரிவு 3' என்று போட்டிருந்தது. மூன்றையும் மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

"அது என் பழைய செக்‌ஷன்," என்றார், பஸ்ஸில் ஏறியபிறகு.

ரெப்புக்கு அவர் அரசாங்க உத்தியோகத்தில் இருந்தது தெரியும். எந்த உத்தியோகம் என்று தெரியாது. பதினான்கு வருஷம் அந்த அலுவலகத்தில் இருந்தவர், கடைசி நான்கு வருஷம் லேபிள் பிரிவின் அதிகாரி, ஏழு வருஷத்துக்கு முன்னால் வேலையை விட்டு வந்தவர் என்று இப்போதுதான் கேள்விப்படுகிறாள். அப்படியானால் விதி எழுத வேண்டியது யார் என்று கேட்டாள். எனக்கப்புறம் வந்த எவனோ ஒரு சோம்பேறி ஃபைல்மேல் உட்கார்ந்திருக்கிறான், போனால் கையும் களவுமாகப் பிடித்துவிடலாம் என்றார் அவர். சொன்ன வேகம் அவருக்கே கொஞ்சம் அதிகமாகப் பட்டது. ரெப் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

பிரிவு மூன்றில் மின்விசிறி அதே சத்தத்தோடு சுற்றிக்கொண்டிருந்தது. பேப்பர் பறக்காமல் இருக்க அதே கூழாங்கற்கள். அதே மூலை மேஜையில், அன்றைக்கு இருந்த அதே எழுத்தர். செக்‌ஷன் முழுக்க அவரை அக்கா என்று கூப்பிடும். கடிதங்களில் இருந்த கையெழுத்து அவருடையதுதான். தலை பாதி நரைத்திருந்தது. துப்பு சாரைப் பார்த்ததும் எழுந்து நின்றார். சந்தோஷம் என்றும் சொல்ல முடியாத, பயம் என்றும் சொல்ல முடியாத ஒரு முகம்.

ரெப் நேராக விஷயத்துக்கு வந்தாள். க்ளூட்டன் விதி சம்பந்தமான ஃபைல் எத்தனை நாளாகத் தாமதம் என்று கேட்டாள். அக்கா நிலுவைப் பட்டியலை எடுத்து நீட்டினார். முப்பத்தோரு ஃபைல்கள். க்ளூட்டன் அதில் இல்லை.

"அப்ப தாமதமே இல்ல சார்," என்றாள் ரெப். "அந்தப் பாப்பாகிட்ட போய்ச் சொல்லிடலாம். வயித்துவலி தானா போயிடும்."

அக்கா கோபப்படவில்லை. அது நிலுவையில் வராது என்றார். அலுவலகத்தில் ஒரு வழக்கம் உண்டு. கீழே இருப்பவர் குறிப்பு எழுதி ஃபைலை மேலே அனுப்புவார். மேலே இருக்கும் அதிகாரிக்குச் சந்தேகம் இருந்தால் ஓரத்தில் 'பேசவும்' என்று எழுதித் திருப்பி அனுப்புவார். எழுதியவர் நேரில் போய்ப் பேச வேண்டும். பேசி முடித்ததும் 'பேசப்பட்டது' என்று எழுதி ஃபைல் நகரும். பேசவும் போட்ட ஃபைல் தூங்குகிற ஃபைல் ஆகாது, நடவடிக்கையில் இருக்கிற ஃபைல். அதனால் அது எந்தப் பட்டியலிலும் வராது, யாரும் நினைவூட்ட மாட்டார்கள். இதற்கு நடுவே மூன்று அதிகாரிகள் வந்து போய்விட்டார்கள். மூன்று பேருமே கேட்டார்களாம், இது என்ன ஃபைல் என்று. முன்னாடி இருந்தவர் பேசச் சொன்ன ஃபைல் என்றதும், அவர் பேச்சில் நாம் எதற்குத் தலையிட வேண்டும் என்று மூடி வைத்துவிட்டார்களாம்.

துப்பு சாருக்குச் சூடு பிடித்துவிட்டது. துப்பறியும்போது அவருக்கு இடது கால் ஆட ஆரம்பிக்கும். ஆடியது.

"பேசவும்னு போட்டது யாரு?"

அக்கா சாவிக்கொத்தை எடுத்தார். பீரோவைத் திறந்தார். தேடவே இல்லை, கை நேராகப் போய் அந்த ஃபைலில் நின்றது. கொண்டுவந்து மேஜையில் வைத்து, கடைசிப் பக்கத்தைத் திறந்து, அவர் பக்கமாகத் திருப்பினார்.

பச்சை மை. ஒரே ஒரு சொல். கீழே இனிஷியல், அதன் வாலைப் பின்னால் இழுத்து, மடக்கி, அடியில் ஒரு கோடு. சொல்லைப் படிப்பதற்கு முன்னாலேயே அவர் அந்த வாலை அடையாளம் கண்டுகொண்டார். இன்றைக்குக் காலையில்கூட அந்த அம்மாவிடம் கேஸ் எடுத்துக்கொண்ட ரசீதில் அதே வாலைத்தான் இழுத்திருந்தார். தேதி, அவர் வேலையை விட்ட வாரம்.

இடது கால் நின்றுவிட்டது.

ரெப்பும் பார்த்தாள். அவர் பக்கமாக ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டாள்.

"நீங்க வந்து பேசியிருக்கலாமே," என்றார் துப்பு சார். கேட்டபிறகு, கேட்டிருக்க வேண்டாம் என்று தோன்றியது.

"மூணு தடவ வந்தேன் சார். உங்க ரூம்ல ஒரே கூட்டம். பிரிவு உபசாரம், போட்டோ, கேக்கு. கடைசி நாள் வராந்தாவுல பிடிச்சு ஒரு வரி சொன்னேன். தட்டுல தூவுற மாவையும் சேர்மானமா எழுதணும் சார், அதுதான் முக்கியம்னு. வந்து உக்காந்து பேசும்மான்னு சொல்லிட்டு லிஃப்ட்ல ஏறிட்டீங்க." அக்கா ஃபைலின் நாடாவை நீவிக்கொண்டார். "எங்க வீட்டுக்காரர் பேக்கரியில வேலை பாத்தவரு. அதனால எனக்குத் தெரிஞ்சிருந்தது. உங்க வீட்டுக்கு ஒரு ஃபோன் போட்டிருக்கலாம். போடல. போகப் போக, இனிமே போட்டா ஏன் இத்தனை நாள் போடலன்னு கேப்பாங்களேன்னு பயம். எனக்கும் இதுல பங்கு இருக்கு சார்."

மூன்றாவது வாக்குமூலம். ரெப் அதை எண்ணிக்கூடக் காட்டவில்லை.

துப்பு சார் உட்கார்ந்தார். கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஃபைலை முதல் பக்கத்திலிருந்து படித்தார். நான்கே பக்கம். நல்ல தெளிவான கையெழுத்து, ஒரு அடித்தல் திருத்தல் கிடையாது. இரண்டாம் பக்கத்தில் நான்காவது பத்தி: 'தட்டில் ஒட்டாமலிருக்கத் தூவும் மாவும் சேர்மானமாகவே கருதப்பட வேண்டும். இல்லையெனில் தயாரிப்பவர் நல்லெண்ணத்துடனேயே தவறு செய்வார்.' நல்லெண்ணத்துடனேயே. மாவு மூட்டைமேல் உட்கார்ந்திருந்த மனிதரை ஏழு வருஷத்துக்கு முன்னாலேயே இந்த அக்கா பார்த்து எழுதிவிட்டார். படித்து முடிக்க ஆறு நிமிஷம் ஆனது.

பேசவும் என்று எழுதுவதற்கு ஆபீஸில் இன்னொரு காரணமும் உண்டு. வெளியில் சொல்ல மாட்டார்கள். அது அவருக்கு நன்றாகவே தெரியும். அதை நினைத்ததும் காது மடல் இரண்டும் சூடாகிவிட்டன.

"இப்ப பேசலாமா சார்?" என்றார் அக்கா.

நான் இப்போது அதிகாரி இல்லையே என்றார் அவர். பேசவும் என்றுதான் போட்டிருக்கிறது, சர்வீஸில் இருந்துகொண்டே பேசவும் என்று போடவில்லையே என்றார் அக்கா. ஏழு வருஷமாக யோசித்து வைத்திருந்த பதில் போலிருக்கிறது, தயங்காமல் வந்தது. பேசினார்கள். அவர் இரண்டு கேள்வி கேட்டார், அக்கா இரண்டுக்கும் பதில் சொன்னார். ஐந்து நிமிஷம்கூட ஆகவில்லை. அக்கா பச்சை மைக்குக் கீழே 'பேசப்பட்டது' என்று எழுதி, தேதி போட்டு, ஃபைலைத் தானே தூக்கிக்கொண்டு மேலதிகாரி அறைக்குப் போய் வைத்துவிட்டு வந்தார். வந்ததும் நிலுவைப் பட்டியலை எடுத்து, முப்பத்திரண்டாவதாக ஒரு வரி சேர்த்தார்.

இனி என்ன ஆகும் என்று ரெப் கேட்டாள். இதற்குமேல் கமிட்டி இருக்கிறது, சட்டத்துறை இருக்கிறது, ஆறு மாசமும் ஆகலாம், அதற்கு மேலும் ஆகலாம் என்றார் அக்கா. ஆனால் இனிமேல் மாதா மாதம் ஏன் ஆகவில்லை என்று யாராவது கேட்டே ஆக வேண்டும்.

"கணக்குப்படி இன்னைலேர்ந்துதான் இது தாமதம்," என்றார். அதைச் சொல்லும்போது அவர் சிரிக்கவில்லை.

ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியில் ரெப்தான் பேச்சை எடுத்தாள். அறிக்கை எழுதிக் கொடுக்க வேண்டுமே, குற்றவாளி என்ற இடத்தில் அரசாங்கத் தாமதம் என்று போட்டுவிடலாம் என்றாள். பெரிய பெயர், யாருக்கும் வலிக்காது, பொய்யும் இல்லை. அவருக்காகத்தான் சொன்னாள். கிண்டல் அதில் துளியும் இல்லை.

"அரசாங்கம் இனிஷியல் போடாது ரெப்பம்மா," என்றார் துப்பு சார். "ஆள்தான் போடணும்."

குழந்தைகள் வார்டில் கடைசிக் கட்டில். அத்தை கையில் மசித்த உருளைக்கிழங்குக் கிண்ணம். குழந்தை வாயை இறுக மூடிக்கொண்டு சுவரைப் பார்த்திருந்தாள். மணிக்கட்டு குச்சி மாதிரி இருந்தது. அப்பா ஜன்னலோரம் நின்றிருந்தார். கண்ணாடிக்கடை அம்மா, சொன்ன மாதிரியே, கட்டிலின் காலடியில் உட்கார்ந்திருந்தார். இவர்களைப் பார்த்ததும் எழுந்தவர், எங்கே அடி விழப்போகிறதோ என்பதுபோல் நின்றார்.

"நீங்க இல்லம்மா," என்றார் துப்பு சார், முதல் வேலையாக. எல்லோர் காதிலும் விழும்படி சொன்னார். பிறகு பிஸ்கட்டின் அடிப்பக்கத்தைச் சொன்னார். தகர டப்பாவைச் சொன்னார். முப்பது வருஷக் கையைச் சொன்னார். அத்தையின் கையில் கரண்டி பாதி வழியில் நின்றது. அப்பா இப்போதுதான் மனைவியின் முகத்தைப் பார்த்தார்.

அந்த அம்மா மூச்சு விட்டார். விட்ட மூச்சை அப்படியே திரும்ப இழுத்துக்கொண்டார். "நான் கேட்டுத்தானே சார் அவர் செஞ்சாரு," என்றார். "அப்ப சுத்திச் சுத்தி என்கிட்டதானே வருது."

"வரலம்மா. வேற இடத்துக்குப் போகுது."

மூன்று கடிதங்களைக் காட்டினார். ஃபைலைப் பற்றிச் சொன்னார். தூவுகிற மாவைப் பற்றி ஒரு எழுத்தர் ஏழு வருஷத்துக்கு முன்னாலேயே எழுதி வைத்ததையும், அது விதியாகியிருந்தால் பேக்கரிக்காரருக்கு முதல் கடிதத்திலேயே பதில் போயிருக்கும் என்பதையும் சொன்னார். ஒரு அதிகாரி ஓரத்தில் ஒரு சொல் எழுதிவிட்டுப் போனதையும் சொன்னார். சொல்லிவிட்டு நிறுத்தினார்.

"யார் சார் அந்த ஆபீசரு?"

"நான்தாம்மா."

வார்டில் யாரோ ஒரு குழந்தை அழுதுகொண்டிருந்தது. அந்த அம்மா அவரைக் கடையில் கண் பரிசோதனை செய்யும்போது பார்ப்பதுபோல நேராக, இமைக்காமல் பார்த்தார். நல்ல மனுஷி. ஏசவில்லை. தன்னால் முடிந்த ஒரு கதவைத் திறந்துவிட்டார்.

"ரொம்பச் சிக்கலான ஃபைலா சார் அது? புரியாததனாலதான் பேசணும்னு எழுதினீங்களா?"

ஆமாம் என்று சொன்னால் போதும். அந்த ஒரு சொல்லோடு வீட்டுக்குப் போய்விடலாம். ரெப் அவருடைய முழங்கையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். துப்பு சாருக்கு அந்தக் கடைசி வாரம் ஞாபகம் வந்தது: மேஜைமேல் குவிந்த ஃபைல்கள், வெளியே காத்திருந்த போட்டோக்காரர். படிக்க நேரமில்லை என்றால் எழுதித் தள்ளுவதற்கு எல்லா அதிகாரிகளுக்கும் தெரிந்த அந்த ஒரு சொல்லை, ஒரே மூச்சில் பத்துப் பதினைந்து ஃபைல்களில் எழுதி வால் இழுத்தது.

"இல்லம்மா. நாலே பக்கம்தான்," என்றார். "நான் படிக்கல."

அந்த அம்மா நாத்தனாரின் கையிலிருந்து கிண்ணத்தை வாங்கிக்கொண்டார். கட்டிலின் தலைமாட்டுக்குப் போய் மகளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். நீயே குடுக்கிறியாம்மா என்று கேட்ட குழந்தை, பதிலுக்குக் காத்திருக்காமல் வாயைத் திறந்தாள்.

துப்பு சாரைப் போகச் சொல்லவும் ஆளில்லை, உட்காரச் சொல்லவும் ஆளில்லை. பதினோரு நாளாக அந்த அம்மா உட்கார்ந்திருந்த இடம், கட்டிலின் காலடி, இப்போது காலியாக இருந்தது. அவர் அங்கே போய் நின்றுகொண்டார்.